சுடாமல் கையை இறக்குகிறவர்கள்

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. அன்னைக்கு எங்க கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ரெண்டு செய்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு, மேட்டூர் அணையைத் திறந்துட்டாங்க. ஜூன் 12ல திறக்க வேண்டியது, 46 நாள் தள்ளிப் போய்த் திறந்தாங்க. இன்னொண்ணு, பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர்ங்கிற அரியானாப் பொண்ணு 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிடுச்சு. துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண்.

தண்ணியைப் பத்தி இங்கே நிறைய எழுதியாச்சு. இன்னைக்குத் துப்பாக்கியைப் பத்தி. வயல்காரனுக்கு இது என்ன வேலைன்னு கேக்காதீங்க. அந்த ஒரு வாரம் டீக்கடை டிவியிலயும் பையன் போனுலயும் இந்தப் போட்டிகளை விடாம பார்த்தேன். அதுக்கப்புறம் பழைய போட்டிகளையும் தேடிப் பிடிச்சுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, நாம இத்தனை நாள் "குறி"ன்னு நினைச்சிக்கிட்டு இருந்ததே வேற, இவங்க செய்யுறது வேறன்னு தெரிஞ்சுச்சு.

முதல்ல ஆட்டத்தைச் சொல்லிடுறேன். ஏர் பிஸ்டலை ஒரே கையில பிடிக்கணும். இன்னொரு கையால தாங்கக் கூடாது. துப்பாக்கி ஒன்றரைக் கிலோ வரைக்கும் இருக்கலாம். 10 மீட்டர் தூரத்துல அட்டை. அதுல பத்து மார்க் வட்டத்தோட குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், அதாவது நம்ம சட்டைப் பொத்தான் அளவு. ரைஃபிள் ஆட்டத்துல அதுகூடக் கிடையாது. அங்கே பத்து மார்க்குங்கிறது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனாவால வச்ச முற்றுப்புள்ளி மாதிரி. சுடுற ரவையே 4.5 மில்லிமீட்டர்.

இறுதிச் சுற்றுல பத்தையும் பத்தாப் பிரிக்கிறாங்க. நட்டநடுவுல விழுந்தா 10.9. எட்டுப் பேர் நிப்பாங்க. முதல் பத்துத் தோட்டா முடிஞ்சதும், அப்புறம் ரெண்டு ரெண்டு தோட்டாவுக்கு ஒருத்தரா வெளியே போயிடணும். கடைசி ரெண்டு பேர் 24 தோட்டா வரைக்கும் சுடுவாங்க. மனு பாக்கர் 221.7ல வெளியே வந்துச்சு. அடுத்து நின்ன கொரியப் பொண்ணு கிம் யேஜி அப்போ 221.8. பாயின்ட் ஒண்ணுலதான் வெள்ளிக்கான சண்டை கைவிட்டுப் போச்சு.

டீக்கடையில பாதிப் பேருக்கு இது பிடிக்கலை. "என்னப்பா இது, ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது"ன்னாங்க. ஓட்டம் இல்லை, சத்தம் இல்லை. ஒரு ஆள் நிக்கிறார், கையைத் தூக்குறார், இறக்குறார். அதுலயும் சில நேரம் கையைத் தூக்கி, குறிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது, சுடாமலே கையைக் கீழே இறக்கிடுவாங்க. பெஞ்சில இருந்த ஒருத்தர் "பயந்துட்டாங்கப்பா"ன்னார்.

எனக்கு அந்த இடம்தான் பிடிச்சுச்சு. இந்த விளையாட்டோட உசுரே அந்த இடத்துல இருக்குன்னு இப்பவும் சொல்லுவேன்.

மன்னார்குடி பங்குனித் திருவிழாவுல பலூன் சுடுற கடை போடுவாங்க, பார்த்திருப்பீங்க. நாம எப்படிச் சுடுவோம்? ஒரு கண்ணை இறுக்கி மூடிக்குவோம். பலூனையே முறைச்சுப் பார்ப்போம். குழல் பலூனுக்கு நேரா வந்த நொடியில வெடுக்குனு ட்ரிகரை இழுப்போம். குழல் அங்கேயும் இங்கேயும் ஆடிக்கிட்டு இருக்கிறதால, நேரா வந்ததுமே சுட்டுடணும்னு அவசரம். இழுத்த வேகத்துல கை அசைஞ்சு ரவை பக்கத்துப் பலகையில போய் அடிக்கும்.

ஒலிம்பிக்காரங்க இதுல ஒவ்வொண்ணையும் தலைகீழாச் செய்யுறாங்க. எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு சிங்கப்பூர் சம்பந்தம் உண்டு. டீக்கடையில உக்காந்திருந்த பாய் ஒருத்தரோட மகன் அங்கே நேஷனல் சர்வீஸ் முடிச்சவர். அவர் மகன் சொன்னதா பாய் சொன்னார்: "ட்ரிகரை இழுக்கக் கூடாது மாமா, பிழியணுமாம். எப்ப வெடிக்கும்னு சுடுறவனுக்கே தெரியக் கூடாதாம்." வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா உடம்பு முன்கூட்டியே சிலுப்பிக்கும். அதனால விரல் மட்டும் மெல்ல மெல்ல அழுத்தும், மத்த உடம்பு தன் பாட்டுக்கு நிக்கும்.

இன்னொரு சங்கதி எனக்குப் பெரிய ஆச்சரியம். அர்ச்சுனன் கதை நமக்கெல்லாம் தெரியும். மரம் தெரியலை, கிளை தெரியலை, பறவையோட கண்ணு மட்டும்தான் தெரியுதுன்னு துரோணர்கிட்ட சொன்னானே, அந்தக் கதை. பிஸ்டல் சுடுறவங்க அப்படிப் பார்க்கிறதே இல்லை. கண்ணால ஒரே நேரத்துல கிட்டத்துல இருக்கிறதையும் தூரத்துல இருக்கிறதையும் தெளிவாப் பார்க்க முடியாது. அதனால அவங்க பார்வையைக் குழல் நுனியில இருக்கிற முன்குறியில வைக்கிறாங்க. அதுவும் பின்னாடி இருக்கிற பிளவும் சமமா நிக்குதான்னுதான் பார்க்கிறாங்க. தூரத்துல இருக்கிற கறுப்பு வட்டம் மங்கலாத் தெரிஞ்சாப் போதும். அந்தக் கறுப்புக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையில குறிவைக்கிறதுதான் பெரும்பாலும் பழக்கம். ரவை மேலே போய்ப் பத்துல விழுற மாதிரி துப்பாக்கியைத் திருத்தி வச்சிருப்பாங்க.

அதாவது, அடிக்க வேண்டிய இடத்தைப் பார்க்கலை. தன் கையைத்தான் பார்க்கிறாங்க. தன் கை எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டா, குறி தன்னால வந்து சேரும்னு கணக்கு.

கை ஒருக்காலும் ஆடாம நிக்காது, உலகச் சாம்பியனுக்கும் ஆடும். பயிற்சியால அந்த ஆட்டத்தைச் சின்னதாக்க முடியும், அவ்வளவுதான். கையைக் கறுப்புக்கு மேல தூக்கி, மெதுவா இறக்கி, நிறுத்தினதும் சில விநாடிதான் ஆட்டம் ரொம்பக் குறைவா இருக்கும். அந்தச் சில விநாடிக்குள்ள விரலோட வேலை முடியணும். முடியலைன்னா தோள் களைக்கும், மூச்சு முட்டும், கண்ணு சோர்ந்து இல்லாத தெளிவை இருக்கிறதாக் காட்டும். அதுக்கப்புறம் சுட்டா அது ஆசையில சுடுறது. அதனாலதான் கையை இறக்கிட்டு, மூச்சு விட்டுட்டு, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கிறாங்க. பெஞ்சுக்காரர் பயம்னு சொன்னது இதைத்தான். தன் கையைத் தானே நம்பாத அளவுக்கு விவரம் இருக்கிறவன் செய்யுற வேலை அது.

நெஞ்சுத் துடிப்புகூட குறியை அசைக்கும். அதனாலயே துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை இந்த விளையாட்டுல தடை பண்ணி வச்சிருக்காங்க. எங்க வயசுல பாதிப் பேர் பிரஷருக்குப் போடுற மாத்திரை வகைதான். 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவோட கிம் ஜோங் சு ரெண்டு பதக்கம் வாங்கினார். அந்த மாத்திரை சோதனையில தெரிஞ்சு ரெண்டையும் பறிச்சுட்டாங்க. ஓட்டக்காரன் வேகம் கூட மருந்து தின்னுவான். இங்கே அமைதி கூட மருந்து தின்னுருக்காங்க.

அந்த வாரம் உலகம் பூரா ஒரு ஆளைப் பத்திப் பேச்சு. துருக்கியின் யூசுஃப் டிகெச். வயசு 51, கிட்டத்தட்ட என் வயசு. ஜூலை 30ல செவ்வால் தர்ஹான்கிற பொண்ணோட சேர்ந்து கலப்பு அணிப் போட்டியில வெள்ளி வாங்கினார். மத்தவங்க ஒரு கண்ணை மறைக்கிற தகடு, தனி லென்ஸுன்னு மாட்டிக்கிட்டு நிக்க, இவர் டீ சட்டை, சாதாரணக் கண்ணாடி, இடது கை பேன்ட் பாக்கெட்டுல. கடைத்தெருவுல சாமான் வாங்க வந்தவர் மாதிரி நின்னு சுட்டார். வாட்ஸ்அப்ல அத்தனை குரூப்புலயும் அவர் படம். "எந்தக் கருவியும் இல்லாம, எந்த அலட்டலும் இல்லாம வந்து ஜெயிச்ச மனுசன்."

இங்கே நகரத்துல இருக்கிற உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்துல தெரியாத விஷயம் நிறைய இருக்கு. அவர் துருக்கியோட துணைராணுவப் படையில இருந்து ஓய்வு பெற்றவர். 2008ல இருந்து ஒரு ஒலிம்பிக் விடாம போய், அஞ்சாவது தடவையிலதான் அந்தப் பதக்கம். ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுச் சுடுறது அவர் பழக்கம், அதனால தகடு தேவைப்படலை. பாக்கெட்டுல கை விடுறது ஸ்டைலும் இல்லை. சும்மா இருக்கிற கை ஆடினா உடம்பு ஆடும். பிஸ்டல் சுடுற எல்லாருமே அந்தக் கையைப் பாக்கெட்டுலயோ பெல்ட்டுலயோ செருகித்தான் நிறுத்துவாங்க. தகடு மாட்டினவங்களும் ஏமாத்துக்காரங்க இல்லை. ஒரு கண்ணை இறுக்கி மூடினா மூஞ்சி முழுக்க இழுத்துக்கிட்டு நிக்கும். மூடாம மறைச்சுக்கிட்டா முகம் தளர்வா இருக்கும்.

நீங்க எளிமையை விரும்புறீங்க, அது நல்லதுதான். ஆனா எளிமையாத் தெரியுறது எல்லாம் எளிமையா வந்ததில்லை. "உங்க தாத்தா எந்த மருந்தும் இல்லாம விவசாயம் பண்ணலையா"ன்னு என்னைக் கேக்குறவங்களும் இதே டிகெச் படத்தைத்தான் அனுப்புறாங்க. தாத்தாவோட அம்பது வருசம் யாருக்கும் தெரியாது, அவர் கோவணம் மட்டும்தான் தெரியும்.

கையை இறக்குறது நல்லதுன்னு சொன்னேன், அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. இறுதிச் சுற்றுல ஒரு தோட்டாவுக்கு 50 விநாடி. அதுக்குள்ள எத்தனை தடவை வேணா இறக்கிக்கலாம், ஆனா மணி அடிக்கிறதுக்குள்ள சுட்டாகணும். 25 மீட்டர் பிஸ்டல்ல வேகச் சுற்றுன்னு ஒண்ணு இருக்கு, அங்கே 3 விநாடிதான். மனுவை பாயின்ட் ஒண்ணுல முந்தினாங்களே அந்த கிம் யேஜி, அவங்க அந்த ஆட்டத்துல உலக சாதனை வச்சிருந்தவங்க. பாரிஸ்ல ஒரே ஒரு தோட்டாவை 3 விநாடிக்குள்ள விடலை. அது பூஜ்யமாப் போய், இறுதிச் சுற்றுக்கே வர முடியலை. காத்திருக்கிறதுக்கும் காலம் உண்டு. அது தாண்டினா கை எவ்வளவு நல்லா நின்னாலும் மார்க் கிடையாது.

இதைப் பார்க்கும்போது எனக்கு அந்த வருசக் குறுவைதான் மனசுல இருந்துச்சு. எனக்கு இருக்கிறது ஒன்பது மா. மூணு ஏக்கர். சொந்தமா போர் கிடையாது, வெண்ணாத்துத் தண்ணிதான். ஜூன் 12ல அணை திறக்கலைன்னதும் வீட்டுல, வெளியில எல்லாம் ஒரே பேச்சு. என் மச்சான், "பக்கத்து பம்புசெட்டுல தண்ணி வாங்கி நாத்து விடு மாமா, எல்லாரும் விடுறாங்கல்ல"ன்னு தினம் வந்து நின்னார். குறுவை இல்லைன்னா தீபாவளிக்குக் கையில காசு இல்லை. டெல்டாவுல அதுதான் கணக்கு. அதுக்கு மேல, நாத்து விடாதவனை ஊர் பார்க்கிற பார்வை ஒண்ணு இருக்கு. வயலைச் சும்மா போட்டுட்டு டீக்கடையில டிவி பார்க்கிறவன்னு பேர் வந்துடும்.

நான் விடலை. பம்புசெட்டுக்காரர் தன் வயலுக்குப் போகத்தான் எனக்குத் தருவார். கதிர் வர்ற நேரத்துல அவருக்கே தண்ணி பத்தலைன்னா என் பயிர் நடுவுல நிக்கும். அதுவரைக்கும் போட்ட விதை, உரம், கூலி அத்தனையும் போயிடும். போர் வச்சிருந்தவர் விதைச்சார், அறுத்தார். அவருக்குக் கை நின்னுச்சு, சுட்டார். அதுல தப்பே இல்லை. பக்கத்து லேன்ல ஒருத்தர் பத்து அடிச்சுட்டார்ங்கிறதுக்காக என் கை நிக்காதப்போ நான் சுட முடியாது. அந்த வருசம் தீபாவளிக்கு வீட்டுல துணி எடுக்கலை. அதையும் சொல்லிடணும், ஏன்னா கையை இறக்குறதுக்கும் ஒரு விலை இருக்கு.

தண்ணி வந்ததும் சம்பாவுக்கு இறங்கியாச்சு. அங்கே மணி அடிச்சுக்கிட்டு இருக்கும். சி.ஆர். 1009 மாதிரி நீண்டகால ரகத்தை நாள் தள்ளி விட்டா அறுவடை தள்ளிப் போயி, கடைசித் தண்ணிக்கு அல்லாடணும். "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு சும்மாவா சொன்னாங்க. குறுவைக்கு இறக்கின கை, சம்பாவுக்கு 50 விநாடிக்குள்ள சுட்டாகணும்.

இனி, சுட்டதுக்கு அப்புறம் இவங்க நடந்துக்கிற விதத்தைப் பத்தி. அமெரிக்காவோட மேத்யூ எம்மன்ஸ் கதையைப் படிச்சிட்டு ஒரு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. 2004 ஏதென்ஸ், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலை. கடைசித் தோட்டா மட்டும் பாக்கி, சுமாரா ஒரு எட்டு அடிச்சாலே தங்கம். சுட்டார், நல்லாத்தான் சுட்டார். ஆனா பக்கத்து ஆளோட அட்டையில சுட்டுட்டார். பூஜ்யம். முதல் இடத்துல இருந்தவர் எட்டாவது இடம். 2008 பெய்ஜிங், அதே ஆட்டம், மறுபடியும் கடைசித் தோட்டா வரைக்கும் முன்னணி. இந்தத் தடவை 4.4. நாலாவது இடம். 2012 லண்டன்ல மூணாவது தடவையா அதே ஆட்டத்துக்கு வந்து நின்னார், வெண்கலம் வாங்கினார். ஏதென்ஸ்ல அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டுப் பொண்ணு கதெரினா, அவங்களும் துப்பாக்கி வீராங்கனை, பிற்பாடு அவருக்கே மனைவியானாங்க.

நம்ம ஆளுங்களும் அப்படித்தான். மனு பாக்கர் டோக்கியோவுல போட்டி நடுவுல துப்பாக்கி பழுதாகி, கிட்டத்தட்ட 20 நிமிஷம் இழந்து, ரெண்டு பாயின்ட்ல இறுதிச் சுற்றை விட்ட பொண்ணு. மூணு வருசம் கழிச்சு வந்து நின்னுச்சு. சரப்ஜோத் சிங், அம்பாலா பக்கத்துல ஒரு விவசாயி மகன். பாரிஸ்ல தனிப்போட்டியில எட்டாவது ஆளோட சம மார்க் எடுத்தும், நடுப்புள்ளிக்கு ரொம்பக் கிட்டத்துல விழுந்த தோட்டா எண்ணிக்கையில ஒண்ணே ஒண்ணு குறைஞ்சதால வெளியே போனார். மூணாம் நாள் மனுவோட சேர்ந்து கொரியாவை 16-10ல ஜெயிச்சு வெண்கலம். நான் அந்த இடத்துல இருந்திருந்தா, முதல் நாள் போன அந்த ஒரு தோட்டாவையே மூணு நாளும் சுட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.

ஜெயிக்காதவங்களையும் சொல்லணும். கடலூர்ல பிறந்து அகமதாபாத்துல வளர்ந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிள்ல பத்தாவதா வந்தாங்க. இறுதிக்கு எட்டுப் பேர்தான். அர்ஜுன் பபுதா நாலாவது. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் ஆட்டத்துல, அதாவது பறக்குற களிமண் தட்டைச் சுடுற ஆட்டத்துல, இறுதிக்கு வரலை. அவர் ஆட்டத்துல கையை இறக்கவே வழியில்லை. "வா"ன்னு குரல் கொடுத்தா தட்டு பறந்துடும், அப்பவே அடிக்கணும். டீக்கடையில இவங்களை ரெண்டே நிமிஷத்துல மறந்துட்டாங்க. அரை மில்லிமீட்டர் புள்ளியில அறுபது தோட்டாவையும் கிட்டத்தட்ட அடிச்சுட்டுத் தோத்துப் போறது எப்படி இருக்கும்னு யோசிக்க நமக்குப் பொறுமை இல்லை.

அபினவ் பிந்த்ராவோட பெய்ஜிங் இறுதிச் சுற்று இணையத்துல கிடைக்கும், பாருங்க. 2008 ஆகஸ்ட் 11. கடைசித் தோட்டாவுக்கு முன்னால அவரும் பின்லாந்துக்காரர் ஹென்ரி ஹக்கினனும் சம மார்க். ஹக்கினன் 9.7. பிந்த்ரா 10.8. இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில கிடைச்ச முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த 10.8 முடிஞ்சதும் அவர் முகத்தைக் கவனிங்க. குதிக்கலை, கத்தலை. முந்தின தோட்டா எப்படி முடிஞ்சதோ அப்படியே இதுவும் முடிஞ்சுது.

அடுத்து டிவியில இந்த ஆட்டம் வரும்போது மார்க் பலகையைக் கொஞ்ச நேரம் மறந்துட்டு, யார் எத்தனை தடவை சுடாமக் கையை இறக்குறாங்கன்னு எண்ணிப் பாருங்க. அதே மாதிரி, அடுத்து எங்க பக்கம் பஸ்ல வரும்போது ஜூலை மாசத்துல சும்மா கிடக்கிற வயலைப் பார்த்தீங்கன்னா, அந்த ஆளு சோம்பேறின்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. அவர் கையை இறக்கி மூச்சு விட்டுக்கிட்டு இருக்கலாம்.

சம்பா நேரடி விதைப்பைப் பத்தி சில பேர் கேட்டிருந்தீங்க. அடுத்த பதிவுல எழுதுறேன்.